சிவப்பு நிறப் பகுதிகள்: அமெரிக்க வீட்டுரிமை வரலாற்றில் இனச் சமமின்மை

முன்னுரை

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அடிமை முறை 1865இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. பொது இடங்களிலும் வேலைவாய்ப்பிலும் இனப்பாகுபாட்டைத் தடைசெய்யும் குடிமை உரிமைச் சட்டம் 1964இலும், வாக்குரிமைச் சட்டம் 1965இலும், வீட்டுவசதியில் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் 1968இலும் இயற்றப்பட்டன. சட்ட நூல்களை மட்டும் நோக்குவார்க்கு இன ஒடுக்குமுறை என்பது முடிந்துபோன வரலாறாகவே தோன்றும். ஆயினும் அந்நாட்டின் கூட்டாட்சி ரிசர்வ் அமைப்பு 2022ஆம் ஆண்டிற்கு மேற்கொண்ட குடும்ப நிதி அளவாய்வின்படி, வெள்ளையினக் குடும்பங்களின் இடைநிலைச் சொத்து மதிப்பு 2,85,000 டாலர். கறுப்பினக் குடும்பங்களின் இடைநிலைச் சொத்து மதிப்பு ஏறத்தாழ 44,900 டாலர். முன்னது பின்னதைப் போல் ஆறு மடங்கிற்கும் மேற்பட்டது. இரு இனத்தாரின் வருமானத்திற்கு இடையிலுள்ள வேறுபாட்டைக் காட்டிலும் சொத்து வேறுபாடு மிகப் பெரிது என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

வருமானம் இன்றைய உழைப்பைக் காட்டுவது. சொத்தோ தலைமுறைகளின் வரலாற்றைக் காட்டுவது. அமெரிக்க நடுத்தரக் குடும்பத்தின் சொத்தில் பெரும்பகுதி அது குடியிருக்கும் வீடேயாகும். பிள்ளையின் கல்லூரிச் செலவிற்கும், தொழில் தொடங்குவதற்கும், முதுமைக் காப்பிற்கும் வீட்டின் மதிப்பே ஆதாரமாகின்றது. எனவே, வீட்டுரிமை யாருக்கு எவ்வாறு வழங்கப்பட்டது, யாருக்கு எவ்வாறு மறுக்கப்பட்டது என்பதைக் காண்பதன் வாயிலாக, சட்டத்தின் முன் சமமானவர்கள் சொத்தில் சமமாகாமைக்கான காரணத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயர்ச்சியும் தடையும்

1910 முதல் 1970 வரையிலான காலத்தில் தென் மாநிலங்களிலிருந்து ஏறத்தாழ 60 இலட்சம் கறுப்பின மக்கள் வடக்கிற்கும் மேற்கிற்கும் பெயர்ந்தனர். வரலாற்றாசிரியர்கள் இதனைப் பெரும்பெயர்ச்சி என்பர். சிகாகோ, டெட்ராய்ட், கிளீவ்லாந்து, பிலடெல்பியா முதலிய தொழில் நகரங்கள் இவர்களின் உழைப்பை ஏற்றன, குடியிருப்பை ஏற்கவில்லை.

தொடக்கத்தில் நகராட்சிகள் வெளிப்படையான இன எல்லைகளை வகுத்தன. பால்டிமோர் நகரம் 1910இல், வெள்ளையர் பெரும்பான்மையாக வாழும் தெருவில் கறுப்பினத்தார் குடிபுகுவதைத் தடுக்கும் ஆணையைப் பிறப்பித்தது. பிற நகரங்கள் அதனைப் பின்பற்றின. லூயிவில் நகரின் இத்தகைய ஆணையை 1917இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என அறிவித்தது. அத்தீர்ப்பின் அடிப்படை மனித சமத்துவம் அன்று. தன் சொத்தை விரும்பியவர்க்கு விற்கும் உடைமையாளரின் உரிமை என்பதே அதன் முதன்மையான அடிப்படை.

அரசாணை தடைப்பட்டதும் அதன் இடத்தைத் தனியார் உடன்படிக்கைகள் நிரப்பின. குறிப்பிட்ட இனத்தார்க்கு இவ்வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்னும் நிபந்தனை கிரயப் பத்திரத்திலேயே எழுதப்பட்டது. வீடு கைம்மாறினாலும் நிபந்தனை மாறாது. வீட்டு வேலைக்காரராகத் தங்குவோர்க்கு மட்டும் சில பத்திரங்கள் விலக்களித்தன. உழைக்க வரலாம், உரிமையாளராக வரலாகாது என்னும் சமூக நியதி இவ்விலக்கில் ஒளிவின்றி வெளிப்படுகின்றது. இத்தகைய உடன்படிக்கைகள் தனியார்க்கு இடைப்பட்டவை என்னும் காரணத்தால் உச்ச நீதிமன்றம் 1926இல் அவற்றில் தலையிட மறுத்தது.

நான்கு நிறங்கள்

1929இல் தொடங்கிய பொருளாதாரப் பெருமந்தம் வீட்டுக் கடனாளிகளை நிலைகுலையச் செய்தது. அக்காலத்து அடமானக் கடன் சில ஆண்டுகளே நீடிப்பது. வீட்டு விலையில் ஏறத்தாழப் பாதியை முன்பணமாகக் கேட்பது. தவணைக்கால முடிவில் முதல் முழுவதையும் செலுத்த வேண்டிய நிலையில் கடனாளியை நிறுத்துவது. இந்நெருக்கடியைத் தீர்க்க, குடியரசுத் தலைவர் பிராங்கிளின் ரூசுவெல்ட் அரசு 1933இல் வீட்டுடைமையாளர் கடன் கழகத்தை நிறுவியது. ஏறத்தாழ 10 இலட்சம் வீட்டுக் கடன்களை அக்கழகம் ஏற்று, நீண்ட காலத் தவணைகளாக மாற்றியமைத்தது.

இக்கழகம் 1935 முதல் 1940 வரை 200க்கும் மேற்பட்ட நகரங்களுக்குக் காப்புநிலை வரைபடங்களை உருவாக்கியது. ஒவ்வொரு குடியிருப்புப் பகுதியும் நான்கு தரங்களில் ஒன்றில் வைக்கப்பட்டது. முதல் தரத்திற்குப் பச்சை, இரண்டாம் தரத்திற்கு நீலம், மூன்றாம் தரத்திற்கு மஞ்சள், இடர் மிக்கதாகக் கருதப்பட்ட நான்காம் தரத்திற்குச் சிவப்பு என நிறங்கள் தீட்டப்பட்டன. கட்டடங்களின் வயதும் பழுதும் மட்டுமன்றி, அங்கு வாழ்வோரின் இனமும் பிறப்பிடமும் மதிப்பீட்டுப் படிவங்களில் குறிக்கப்பட்டன. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளிற் பெரும்பாலானவை சிவப்பு நிறம் பெற்றன.

கடன் வழங்கலில் பகுதிவாரியாக மக்களைப் புறக்கணிக்கும் முறைக்கு 'ரெட்லைனிங்' என்னும் பெயர் 1960களின் இறுதியில் சிகாகோவின் சமூகச் செயற்பாட்டாளர்களிடையே வழக்கிற்கு வந்தது. தமிழில் இதனைச் சிவப்புக்கோடிடல் எனலாம். இம்முறையின் இயல்பு தெளிவானது. கடன் கேட்பவரின் நேர்மையும் வருவாயும் ஆராயப்படுவதில்லை. அவர் வாழும் இடமே அவரைப் பற்றிய தீர்ப்பாகின்றது.

காப்புறுதியின் விதிகள்

வரைபடங்களைக் காட்டிலும் ஆழ்ந்த விளைவை ஏற்படுத்தியது 1934இல் தோன்றிய கூட்டாட்சி வீட்டுவசதி நிருவாகம். இந்நிறுவனம் நேரடியாகக் கடன் கொடுப்பதில்லை. வங்கி கொடுக்கும் வீட்டுக் கடன் திரும்பி வாராவிடின் இழப்பைத் தான் ஏற்பதாகக் காப்புறுதி அளித்தது. அதனால் வங்கிகள் அச்சமின்றிக் கடன் வழங்கின. முன்பணம் விலையில் ஐந்தில் ஒரு பங்காகவும், பின்னர் அதற்குக் குறைவாகவும் இறங்கியது; தவணைக் காலம் 20, 25, 30 ஆண்டுகள் என நீண்டது. வாடகை கொடுக்கும் தொகையிலேயே சொந்த வீடு வாங்கலாம் என்னும் நிலை தொழிலாளர்க்கும் வாய்த்தது. அமெரிக்க நடுத்தர வகுப்பு விரிவடைந்ததற்கு இக்காப்புறுதி பெருங்காரணம்.

ஆனால் இந்நிருவாகம் தன் மதிப்பீட்டாளர்க்கு வழங்கிய கையேடு, ஒரு பகுதியின் மதிப்பு நிலைபெற வேண்டுமாயின் அங்கு ஒரே சமூக, இன வகுப்பினரே தொடர்ந்து வாழ்தல் வேண்டும் என்னும் கருத்தை முன்வைத்தது. இனக் கட்டுப்பாட்டு உடன்படிக்கைகளையும் 1938ஆம் ஆண்டுப் பதிப்பு பரிந்துரைத்தது. தனியார் வெறுப்பாக இருந்தது இவ்வாறு அரசின் நிதி விதியாயிற்று.

இவ்விதியின் நடைமுறை விளைவை டெட்ராய்ட் நகரில் இன்றும் காணலாம். எட்டு மைல் சாலைக்கு அருகே கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதியை ஒட்டி, வெள்ளையர்க்கென வீடுகள் கட்ட ஒரு கட்டுமான முதலாளி முனைந்தார். அப்பகுதி கறுப்பினக் குடியிருப்பிற்கு மிக அண்மையில் உள்ளது எனக் கூறிக் காப்புறுதி மறுக்கப்பட்டது. 1941இல் இரு பகுதிகளுக்கும் இடையே ஏறத்தாழ ஆறடி உயரத்தில், அரை மைல் நீளத்திற்கு அவர் ஒரு சுவர் எழுப்பினார், காப்புறுதி கிடைத்தது. கறுப்பின மக்கள் இன்று இருபுறமும் வாழ்கின்றனர். சுவரின் ஒரு பகுதியில் குடியிருப்பாளர் ஓவியங்கள் தீட்டியுள்ளனர். சுவர் மட்டும் நிற்கின்றது.

இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய வீரர்க்கு 1944ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டுக் கடன் உத்தரவாதம் வழங்கியது. போரில் கறுப்பின வீரரும் ஈடுபட்டனர். எனினும் உத்தரவாதம் இருந்தால் மட்டும் போதாது; கடன் கொடுக்கும் வங்கியும், வீடு விற்கும் உரிமையாளரும் வேண்டும். நியூயார்க் அருகே லாங் தீவில் 1947 முதல் எழுந்த லெவிட்டவுன் என்னும் புதிய குடியிருப்பில் 17,000க்கும் மேற்பட்ட வீடுகள் கட்டப்பட்டன. அரசின் காப்புறுதியோடு எழுந்த அவ்வீடுகளின் தொடக்க ஒப்பந்தங்கள் வெள்ளையரல்லாதார் குடியிருப்பதைத் தடுத்தன. சில ஆயிரம் டாலர் விலையில் அன்று வாங்கப்பட்ட அவ்வீடுகள் பிற்காலத்தில் பன்மடங்கு விலையேறின. அவ்வேற்றம் ஒரு சாராரின் பிள்ளைகளுக்கு மரபுரிமையாயிற்று. மற்றொரு சாரார்க்கு அத்தகைய மரபுரிமை தோன்றவே இல்லை.

ஆய்வாளர் கருத்து வேறுபாடு

கென்னத் ஜாக்சன் 1985இல் வெளியிட்ட நூலின் வாயிலாகவே கடன் கழகத்தின் வரைபடங்கள் பரவலாக அறியப்பட்டன. தனியார் வங்கிகளின் புறக்கணிப்பிற்கு அவ்வரைபடங்களே வழிகாட்டின என்னும் கருத்தும் அதன்பின் வலுப்பெற்றது. ஏமி ஹில்லியர் 2003இல் வெளியிட்ட ஆய்வு இக்கருத்தை மறுபரிசீலனை செய்தது. வரைபடங்கள் தோன்றுமுன்பே கடன் நிறுவனங்கள் அப்பகுதிகளைத் தவிர்த்தன என்றும், வரைபடங்கள் பலரது பார்வைக்கு எட்டவில்லை என்றும் அவர் காட்டினார். கடன் கழகம் கறுப்பினக் கடனாளிகளுக்கும் உதவியது என்பதையும், கூட்டாட்சி வீட்டுவசதி நிருவாகமே தொடக்கம் முதல் விலக்கலைக் கடைப்பிடித்தது என்பதையும் பிற்கால ஆய்வுகள் வலியுறுத்துகின்றன. மறுபுறம், சிகாகோ கூட்டாட்சி ரிசர்வ் வங்கியின் ஆய்வாளர்கள் வரைபட எல்லைகளின் இருபுறத்தையும் ஒப்பிட்டு, வீட்டுரிமையிலும் வீட்டு மதிப்பிலும் அவற்றின் தாக்கம் பல பதின்மங்கள் நீடித்தமையைக் கண்டறிந்தனர்.

இவ்விவாதத்தால் அரசின் பொறுப்பு குறைந்துவிடுவதில்லை. எந்த அலுவலகம் முதலில் விலக்கியது என்பதே விவாதப் பொருள். விலக்கப்பட்டனர் என்பதில் ஐயமில்லை. நிறம் தீட்டிய வரைபடம் கண்ணுக்கு எளிதிற் புலப்படுவதால் பொதுமக்கள் நினைவில் நிற்கின்றது. பயன் விளைத்தது அலுவலகக் கையேட்டின் உணர்ச்சியற்ற வாசகமே என்பதை இவ்வாய்வுகள் உணர்த்துகின்றன.

தவணை வீடும் நாடக மேடையும்

வங்கிக் கடன் மறுக்கப்பட்டவர்க்கும் வீடு தேவைப்பட்டது. சிகாகோவில் இத்தேவையை இடைத்தரகர்கள் பயன்படுத்திக்கொண்டனர். கறுப்பினத்தார் வருகின்றனர் என அச்சமூட்டி வெள்ளையரிடமிருந்து குறைந்த விலைக்கு வீட்டை வாங்கி, அதனையே மிகுந்த விலைக்குக் கறுப்பினக் குடும்பத்திற்குத் தவணை ஒப்பந்தத்தில் விற்றனர். கடைசித் தவணை செலுத்தும் வரை கிரயப் பத்திரம் வாங்குபவர்க்கு வாராது. ஒரு தவணை தவறினும் வீடும் அதுவரை செலுத்திய பணமும் பறிபோகும். வீட்டைப் பழுதுபார்க்கும் பொறுப்போ வாங்கியவருடையது. உடைமையின் சுமை முழுவதும் உண்டு, உரிமை மட்டும் இல்லை. 1950களிலும் 1960களிலும் இம்முறையால் சிகாகோவின் கறுப்பினக் குடும்பங்கள் இழந்த தொகை, இன்றைய மதிப்பில் 320 கோடி முதல் 400 கோடி டாலர் வரை இருக்கும் என 2019இல் வெளிவந்த டியூக் பல்கலைக்கழக ஆய்வு கணக்கிடுகின்றது. லாண்டேல் பகுதியில் 1968இல் ஒப்பந்த வாங்குநர் சங்கம் அமைத்துத் தவணையைச் செலுத்த மறுத்துப் போராடியவர்கள் இவர்களே.

இவ்வரலாற்றிற்கு இலக்கியச் சான்றும் உண்டு. கார்ல் ஹான்சுபெரி என்பார் 1937இல் சிகாகோவில் கட்டுப்பாட்டு உடன்படிக்கை நிலவிய பகுதியில் வீடு வாங்கினார். அதன்பொருட்டு எழுந்த வழக்கில் 1940இல் உச்ச நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. ஆயினும் தீர்ப்பு நடைமுறைக் குறையைச் சுட்டியதேயன்றி உடன்படிக்கைகளைச் செல்லாதவை எனக் கூறவில்லை. அவர்தம் மகள் லொரெய்ன் ஹான்சுபெரி எழுதிய 'எ ரெய்சின் இன் த சன்' நாடகம் 1959இல் பிராட்வே மேடையேறியது. கறுப்பினப் பெண் எழுதி அம்மேடையேறிய முதல் நாடகம் இதுவே. தந்தையின் காப்பீட்டுத் தொகையாகிய 10,000 டாலரைக் கொண்டு யங்கர் குடும்பம் வெள்ளையர் பகுதியில் வீடு வாங்க முற்படுகின்றது. அக்குடும்பம் வாராதிருக்கப் பணம் தருவதாகக் கூறி அப்பகுதிச் சங்கத்தின் சார்பாளர் வருகின்றார். அவர் கடுஞ்சொல் பேசுவதில்லை. பணிவுடனும் நயத்துடனும் பேசுகின்றார். ஒடுக்குமுறை நாகரிக மொழியில் இயங்கும் என்பதை அப்பாத்திரம் உணர்த்துகின்றது. வெறுப்பின் மொழியை ஆராய்வது எளிது. பணிவின் மொழியை ஆராய்வதே அரிது. கையேடுகளும் ஒப்பந்தங்களும் இரண்டாம் வகை மொழியில் எழுதப்பட்டவை.

1968ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் எல்லையும்

செயிண்ட் லூயிஸ் நகர வழக்கொன்றில், இன உடன்படிக்கைகளை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்தலாகாது என 1948இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும் அரசுக் காப்புறுதி நிருவாகம் தன் விதியை 1950இல்தான், அதுவும் புதிதாகப் பதிவாகும் உடன்படிக்கைகளைப் பொறுத்தே மாற்றியது. 1966இல் மார்ட்டின் லூதர் கிங் சிகாகோவில் வீட்டுரிமைப் போராட்டத்தை நடத்தினார். மார்க்கெட் பூங்கா ஊர்வலத்தில் அவர்மீது கல் எறியப்பட்டது. வீட்டுவசதிச் சமத்துவ மசோதாக்கள் 1966இலும் 1967இலும் நிறைவேறவில்லை. 1968 ஏப்ரல் 4 அன்று கிங் கொலையுண்டார், நகரங்கள் பற்றியெரிந்தன. ஏழு நாள்களில், ஏப்ரல் 11 அன்று, நியாய வீட்டுவசதிச் சட்டத்தில் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் கையொப்பமிட்டார்.

அச்சட்டம் பாகுபாட்டைத் தடைசெய்தது. தடையை நடைமுறைப்படுத்தும் வலிமையைத் துறைக்கு வழங்கவில்லை. புகாரைக் கேட்டுச் சமரசம் செய்யும் அளவிற்கே துறையின் அதிகாரம் இருந்தது. 1988ஆம் ஆண்டுத் திருத்தமே அதற்கு வலுவூட்டியது. இதற்கிடையில் சிகாகோ முதலிய நகரங்களின் குடியிருப்பாளர் இயக்கங்களால், வங்கிகள் எப்பகுதிக்குக் கடன் தருகின்றன என்பதை வெளியிடச் செய்யும் சட்டம் 1975இலும், தாம் இயங்கும் பகுதிகள் அனைத்தின் தேவைக்கும் கடன் வழங்கும் கடமையை வங்கிகளுக்கு வரையறுக்கும் சட்டம் 1977இலும் கிடைத்தன.

நிறம் கூறாத விதிகள்

இனத்தின் பெயர் விதிகளிலிருந்து நீங்கிய பின்னரும் விளைவு தொடர்ந்தது. அதற்குப் பள்ளிக்கல்வி முதற்சான்று. அமெரிக்கப் பொதுப் பள்ளிகளின் நிதியில் கணிசமான பங்கு உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்து வருவது. வீட்டின் மதிப்பு குறைந்த பகுதியில் வரியும் குறையும், பள்ளியும் மெலியும். டெக்சாஸ் மாநில வழக்கொன்றில் இவ்வேற்றத்தாழ்வு கூட்டாட்சி அரசமைப்பிற்கு முரணாகாது என 1973இல் உச்ச நீதிமன்றம் கூறியது. டெட்ராய்ட் நகரப் பள்ளிகளையும் புறநகர்ப் பள்ளிகளையும் இணைத்து இனப்பிரிவினையை நீக்கும் திட்டத்தை 1974இல் அந்நீதிமன்றம் 5க்கு 4 என்னும் பெரும்பான்மையில் நிராகரித்தது. நகரில் கறுப்பின மாணவர் செறிந்திருப்பதற்கான காரணங்கள் அறியப்படாதவை, ஒருவேளை அறிய இயலாதவை என்னும் பொருள்பட நீதிபதி பாட்டர் ஸ்டீவர்ட் தம் தனிக்கருத்தில் குறித்தார். காப்புறுதிக்காக எழுப்பப்பட்ட சுவர் அதே நகரில் நின்றுகொண்டிருந்தது. காரணத்தை அறியவியலாதது எனக் கொண்டால் பொறுப்பும் எவர்க்கும் இல்லாததாகிவிடும். இத்துறையில் வரலாற்றாய்வு நீதியின் ஒரு பகுதியாவது இதனால்தான்.

இரண்டாவது சான்று கடனே. முன்னர்க் கடன் மறுக்கப்பட்ட பகுதிகள் 2000களின் தொடக்கத்தில் மிகுவட்டிக் கடனின் சந்தையாயின. குறைந்த வட்டிக்குத் தகுதியுடைய கறுப்பின, இலத்தீன் அமெரிக்கக் கடனாளிகளும் மிகுவட்டிக் கடனுக்குத் திருப்பப்பட்டனர் என அரசு குற்றஞ்சாட்டியது. கன்ட்ரிவைடு நிறுவனம் 2011இல் 33.5 கோடி டாலருக்கும், வெல்ஸ் பார்கோ வங்கி 2012இல் குற்றத்தை ஏற்காமல் குறைந்தது 17.5 கோடி டாலருக்கும் இத்தகைய வழக்குகளைத் தீர்த்துக்கொண்டன. 2008ஆம் ஆண்டு நெருக்கடியில் வீடுகள் பறிமுதலானபோது கடன்பட்ட குடும்பங்களின் பல்லாண்டுச் சேமிப்பு அழிந்தது. முதலில் கடன் இன்மையாலும் பின்னர்க் கடனாலும் ஒரே மக்கள் இழப்பெய்தினர்.

மூன்றாவது சான்று மதிப்பீடு. கறுப்பினத்தார் பெரும்பான்மையாக வாழும் பகுதிகளின் வீடுகள், தரத்திலும் வசதியிலும் ஒத்த பிற பகுதி வீடுகளைக் காட்டிலும் சராசரியாக 23 விழுக்காடு குறைவாக மதிக்கப்படுகின்றன என்று புரூக்கிங்ஸ் நிறுவனத்தின் 2018ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. நிலத்தின் வெப்பத்திலும் இவ்வரலாறு பதிந்துள்ளது. 108 நகர்ப்புறங்களைக் குறித்து 2020இல் வெளியான ஆய்வு, முன்னர்ச் சிவப்பு நிறம் பெற்ற பகுதிகள் பச்சைப் பகுதிகளைவிடச் சராசரியாக 2.6 பாகை செல்சியஸ் மிகுந்த நிலவெப்பம் கொண்டவை எனக் கண்டறிந்தது. மரங்கள் அங்குக் குறைவு. கற்காரையும் சாலையும் மிகுதி.

ஈடுசெய்தலும் எதிர்ப்பும்

தீங்கை நிறுத்துவது மட்டும் நீதியாகுமா, விளைந்த இழப்பை ஈடுசெய்வதும் நீதியின் கூறா என்னும் வினா இன்று எழுந்துள்ளது. டா-நெஹிசி கோட்ஸ் 2014இல் எழுதிய கட்டுரையும், ரிச்சர்டு ராத்ஸ்டீன் 2017இல் எழுதிய நூலும் இவ்வினாவை வீட்டுரிமை வரலாற்றோடு இணைத்தன. இல்லினாய் மாநிலத்தின் எவன்ஸ்டன் நகரம், 1919 முதல் 1969 வரையிலான காலத்தில் அங்கு வாழ்ந்த கறுப்பினத்தார்க்கும் அவர்தம் வழியினர்க்கும் வீட்டுவசதிக்கென 25,000 டாலர் வழங்கும் திட்டத்தை 2021இல் ஏற்றது. வாஷிங்டன் மாநிலம் 2023இல் இயற்றிய சட்டம், சொத்துப் பத்திரப் பதிவின்மீது 100 டாலர் கட்டணம் விதித்து, இன உடன்படிக்கைகளால் பாதிக்கப்பட்டோர் வீடு வாங்க அதிலிருந்து உதவுகின்றது. பத்திரத்தின் வழி வந்த தீங்கிற்குப் பத்திரத்தின் வழியே ஈடு தேடும் முறை இது.

எதிர்ப்பும் வலுவாக உள்ளது. முன்னோர் செய்த பிழைக்கு இன்றுள்ளோர் பொருள் தருவது முறையன்று என்பது ஒரு வாதம். இன அடிப்படையில் வழங்கப்படும் உதவியும் பாகுபாடே என்பது மற்றொன்று. எவன்ஸ்டன் திட்டத்தை எதிர்த்து 2024இல் வழக்குத் தொடரப்பட்டது. உள்ளாட்சிகள் குடியிருப்புப் பிரிவினையைக் குறைக்கத் திட்டமிட வேண்டும் என 2015இல் ஒபாமா அரசு வகுத்த விதி 2020இல் நீக்கப்பட்டு, 2021இல் ஒரு பகுதி மீட்கப்பட்டு, 2025இல் மீண்டும் கைவிடப்பட்டது. ஆட்சி மாறுந்தோறும் விதி மாறுகின்றது. சொத்தோ அத்துணை எளிதில் கைம்மாறுவதில்லை.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

அமெரிக்க நகரங்களின் இனப்பிரிவினை தனிமனித விருப்பத்தால் மட்டும் இயல்பாக அமைந்ததன்று. உடன்படிக்கை, கையேடு, காப்புறுதி ஆகிய ஆவணங்களின் வழி அரசும் சந்தையும் இணைந்து உருவாக்கியது.

விலக்கல் ஒரு தலைமுறையோடு முடிவதில்லை. வீட்டு மதிப்பு, சொத்து வரி, பள்ளி, கடன் ஆகியவற்றின் வாயிலாக அது அடுத்த தலைமுறைக்குக் கையளிக்கப்படுகின்றது. வீட்டுரிமையில் இரு இனத்தார்க்கும் 1960இல் இருந்த இடைவெளி இன்றும் குறையாமைக்கு இதுவே அடிப்படை. வெள்ளையினக் குடும்பங்களில் நூற்றுக்கு எழுபதிற்கும் மேற்பட்டவை சொந்த வீடு உடையவை. கறுப்பினக் குடும்பங்களில் அத்தொகை ஏறத்தாழ நாற்பத்தைந்தே.

சமமற்ற உடைமையின்மீது சமமான விதியைப் பொருத்தினால் சமமின்மையே நிலைபெறும். இனத்தின் பெயரைக் கூறாமை நடுநிலை ஆகிவிடாது. விதியின் சொற்களோடு அது எவ்வுடைமை வரலாற்றின்மீது இயங்குகின்றது என்பதையும் ஆராய்தல் வேண்டும். சமூகநீதி பற்றிய ஆய்வு சட்ட நூலோடு நின்றுவிடாமல் கிரயப் பத்திரத்தையும் வரிப் பேரேட்டையும் அலுவலகக் கையேட்டையும் மூலச் சான்றுகளாகக் கொள்ளுதல் இன்றியமையாததாகும்.